லால்குடி தந்த வில்லிசைச் செல்வர்

திருவிழாக் கச்சேரிகளில் வயலின் கேட்டு மகிழும் அன்பர்கள், லால்குடி ஜெயராமனின் இளமைக்காலத்தை அறிந்துகொள்வது நலம்.

திருச்சிராப்பள்ளிக்கு அருகே சப்தரிஷீஸ்வரர் எழுந்தருளியுள்ள தலம் லால்குடி. அவ்வூர் இராமய்யர், ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளின் சீடர். சுவாமிகள் அங்கு வந்து இறைவன்மீதும் பெருந்திருப்பிராட்டியார்மீதும் பாடியவையே லால்குடி பஞ்சரத்தினம். அந்த இராமய்யர் மரபில் 1930இல் பிறந்து 2013இல் மறைந்தவர் ஜெயராமன்.

தந்தை கோபாலய்யரே குரு, மிகுந்த கண்டிப்புள்ளவர். நாள்தோறும் பல மணி நேரம் சாதகம் செய்வித்தார். பன்னிரண்டாம் வயதில் பிள்ளை மேடையேறினார், பக்கவாத்தியக்காரராக.

பக்கவாத்தியம் எளிய பணியன்று. பாடகர் எந்தச் சங்கதியைப் போடுவார் என்பது முன்கூட்டித் தெரியாது. கேட்ட மாத்திரத்தில் அது வில்லில் வரவேண்டும். அவர் ஆலாபனையை முடித்ததும், அதே இராகத்தை அவருடைய பாட்டை மறைக்காமல் சுருக்கமாக வாசிக்கவேண்டும். அழைப்பிதழில் வயலின்காரர் பெயரைச் சிறிய எழுத்தில் அச்சிடும் ஆலயத்தார் இதனை எண்ணிப் பார்க்கலாம்!

அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் எனப் பாணிக்குப் பாணி வேறுபட்ட வித்துவான்களுக்கு வாசித்தே, சாகித்தியம் காதில் விழுவதுபோல் வில்லைப் பாடவைக்கும் தம் வழியை அவர் கண்டார். 1965இல் எடின்பரோ விழாவில் அவ்வாசிப்பைக் கேட்ட மேனாட்டு வயலின் மேதை யெஹூதி மெனுஹின், தமது இத்தாலிய வயலினையே அவருக்கு அன்பளிப்பாக வழங்கினார்.