கிரேக்கக் கோழியும் பிள்ளைப் பாக்கியமும்

கல்யாணம் முடித்து ஒரு வருடம் தாண்டினால் போதும், "இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்று நம் ஊர்களில் பெண்ணைத்தான் கேட்பார்கள். பிள்ளையைக் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் தன் நாட்டப்படியே என்று சூரத்துஷ் ஷூராவில் அல்லாஹ் சொல்லியிருக்கிறான். அதை ஓதுகிற நாம்தான் கேட்கவும் செய்கிறோம்! ஆனாலும் முயற்சி நம்முடையது. அதில் சாப்பாட்டுக்கும் ஒரு பங்கு இருப்பதால் இதை எழுதுகிறேன்.

ஏதென்ஸில் சோதனைக்குழாய் சிகிச்சைக்கு வந்த 244 பெண்களின் உணவுப் பழக்கத்தைப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. ஒலிவ் எண்ணெய், மரக்கறி, கடலை, பருப்பு, மீன் என்று மத்தியதரைக் கடல் மரபை நன்கு பின்பற்றியவர்களில் பாதிப்பேர் கருத்தரித்தார்கள். குறைவாகப் பின்பற்றியவர்களில் 29 சதவீதம்தான். 35 வயதுக்குக் குறைந்தவர்களிடமே இந்த வித்தியாசம் தெரிந்தது. சாப்பாடுதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. ஆனால் இப்படிச் சாப்பிடுவதால் நட்டமும் இல்லை.

நான் பகலுக்குச் செய்வது இது. தோல் நீக்கிய கோழி அரைக் கிலோ. மூன்று மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய், ஒரு தேசிக்காயின் சாறு, தட்டிய உள்ளி நாலு பல், காய்ந்த ஒறிகானோ ஒரு தேக்கரண்டி, மிளகு, உப்பு. பிரட்டி இரண்டு மணித்தியாலம் ஃபிரிட்ஜில் வைத்து, 200 பாகையில் 40 நிமிடமளவில் அவனில் வேகவிடுங்கள். அவன் இல்லாவிட்டால் மூடிய சட்டியில் மெல்லிய நெருப்பு போதும். பொரிக்க வேண்டாம்.

கிரேக்கர்களின் ட்சாட்சிகிக்குக் கெட்டித் தயிர் வேண்டும். கடையில் விற்கும் சீனி போட்ட யோகட் சரிவராது. எருமைத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, துருவிப் பிழிந்த வெள்ளரிக்காய், உள்ளி, உப்பு சேர்த்தால் அசலுக்குக் குறைவில்லை. அவித்த கடலை, தக்காளி, வெங்காயத்தில் ஒரு சலாது. கொஞ்சம் சிவப்பரிசிச் சோறு. ஒலிவ் எண்ணெய் விலை எல்லோருக்கும் தெரியும். சின்னப் போத்தல் ஒன்று வாங்கி, இந்தக் கோழிக்கும் சலாதுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவிக்குத் தனியாகப் பத்தியச் சாப்பாடு, கணவனுக்குக் கொத்து ரொட்டியும் சிகரெட்டும் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் பக்கமும் குறை இருக்கிறது. விந்தணு உருவாகவே இரண்டரை மாதமளவு எடுக்கும். ஒரு நாள் விருந்து எதையும் மாற்றாது. இருவரும் ஒரே சஹனில் சாப்பிடுங்கள்.

ஒரு வருடம் முயன்றும் தங்காவிட்டால், மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து வைத்தியரிடம் போங்கள். ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்க முன்பே தொடங்க வேண்டும். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேளுங்கள், இலவசமாகவே கிடைக்கும்.