றோமா தந்த வீரர்

கொழும்பிலும் கண்டியிலும் நடைபெறும் றகர் ஆட்டத்தை நேயர்கள் பலர் கண்டிருப்பர். அது பக்கத்துக்குப் பதினைவர் ஆடுவது. அதனின்றும் பிரிந்து, பதின்மூவர் ஆடும் ஆட்டமாக வளர்ந்ததே றக்பி லீக். அவுஸ்திரேலியாவின் கீழ்க்கரை மாநிலங்களில் அதற்குள்ள மதிப்புப் பெரிது. அவ்வாட்டத்தில் பெரும்புகழ் ஈட்டியவர் ஆதர் பீற்சன்.

பிறிஸ்பேன் நகருக்கு மேற்கே ஏறக்குறைய 480 கிலோமீற்றர் தொலைவில், குயின்ஸ்லாந்தின் மேய்ச்சல் நிலங்களிடையே உள்ளது றோமா என்னும் சிற்றூர். (உரோமாபுரிக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆளுநர் ஒருவரின் மனைவி பெயரே ஊர்ப்பெயராயிற்று.) அங்கே 1945இல் பிறந்த பீற்சன், தாய்வழியில் அந்நாட்டுப் பழங்குடியினர்.

1966இல் அவர் அவுஸ்திரேலிய அணியில் இடம்பெற்றார். அக்காலை, நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடுங்கால் பழங்குடியினரைச் சேர்த்தல் ஆகாது என்ற விதி அரசியலமைப்பிலேயே இருந்தது! நாட்டுக்காக ஆடலாம், நாட்டு மக்களுள் ஒருவராக எண்ணப்பட முடியாது. 1967 மே மாதம் நடந்த மக்கள் வாக்கெடுப்பே அவ்விதியை நீக்கிற்று. 1973இல் பீற்சன் தேசிய அணியின் தலைவரானார். எவ்விளையாட்டிலும் அப்பதவியை முதன்முதல் எய்திய பழங்குடி மகன் அவரே.

உருவத்தாற் பெரியவர், உண்பதிலும் குறைவைத்தவர் அல்லர். ஆயினும் அவரது வலிமை உடற்பருமனில் மட்டும் இருந்ததன்று. எதிரிகள் மூவர் பற்றி இழுக்கையிலும் கையை விடுவித்துப் பந்தைத் தோழனிடம் சேர்ப்பித்துவிடுவார். சினமும் உண்டு. 1969இல் தடை விதிக்கப்பட்டமையால், தம் பல்மெயின் கழகம் வாகை சூடிய இறுதியாட்டத்தில் அவர் ஆட முடியவில்லை. பின்னர் ஈஸ்ரேன் சபேப்ஸ் கழகத்துக்குத் தலைமை தாங்கி, 1974இலும் 1975இலும் அக்குறையைத் தீர்த்துக்கொண்டார்.

ஆனால் ஒரு குறை எஞ்சியிருந்தது. சிட்னிக் கழகங்கள் பொருள் கொடுத்து அழைத்த குயின்ஸ்லாந்து வீரர், மாநிலப் போட்டியில் நியூ சவுத் வேல்ஸுக்கே ஆட நேர்ந்தது. பீற்சனும் அவ்வாறே பிறந்த மாநிலத்தை எதிர்த்து ஆடியவர். குயின்ஸ்லாந்துக்கோ தோல்விமேல் தோல்வி. 1980இல் விதி மாறிற்று. எம்மாநிலத்தில் ஆடத் தொடங்கினாரோ அம்மாநிலத்துக்கே ஆடலாம் என்றாயிற்று.

பீற்சனுக்கு அப்பொழுது வயது 35. சிட்னியில் தம் கழகத்தின் இரண்டாந்தர அணியில் ஆடிக்கொண்டிருந்தார். கிழவரை ஏன் அழைக்கின்றனர் என்றோரும் இருந்தனர். யூலை 8ஆம் நாள் இரவு, பிறிஸ்பேன் லாங் பார்க்கில், முப்பத்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் ஆரவாரிக்க, குயின்ஸ்லாந்தின் கருஞ்சிவப்பு உடை முதன்முறையாக அவர் மேனியில் ஏறிற்று. தலைவரும் அவரே. குயின்ஸ்லாந்து 20, நியூ சவுத் வேல்ஸ் 10.

2011 டிசெம்பரில் பீற்சன் காலமானார். லாங் பார்க் அரங்கின் புறத்தே அவரது சிலை நிற்கின்றது.