தர்மச் சொத்துக்கு யார் காவல்?

டிரஸ்டிகளைக் கட்டிப் போடும் சட்டம்

தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள். தர்மச் சொத்தை நிர்வகிப்பவர் அப்படி நக்கலாமா?

“கூடாது!” என்கிறது சட்டம்.

தென்காசி மாவட்டத்தில் உள்ள நெசவாளர் ஊர் கடையநல்லூர். அங்கே ஒருவர், வெளிநாட்டில் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் நான்கு கடைகள் கட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். “கடை வாடகையில் ஏழைப் பெண்கள் படிக்க வேண்டும்” என்று எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறார். நிர்வாகத்துக்கு மூன்று பேரை நியமித்திருக்கிறார். அவர்கள்தான் டிரஸ்டிகள்.

கடைகள் அவர்கள் பொறுப்பில் இருக்கும். ஆனால் பலன் அவர்களுக்கு அல்ல. படிக்கும் பெண்களுக்கே!

48 வருடம் காத்திருந்த தர்மம்

பச்சையப்ப முதலியாரின் கதை இதற்கு நல்ல பாடம். காஞ்சீபுரத்தைச் சேர்ந்த அவர், வாணிபத்தில் பெரும் பொருள் ஈட்டினார். 1794-ம் ஆண்டு திருவையாற்றில் காலமானார். சொத்தைத் தர்மத்துக்கு உயில் எழுதி வைத்திருந்தார்.

உயில் இருந்தது. தர்மம் நடக்கவில்லை. வழக்கு மேல் வழக்கு வந்தது. கடைசியில், அப்போது சென்னையில் இருந்த சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டது. அரசாங்கத் தலைமை வக்கீல் ஜார்ஜ் நார்ட்டன், மீதிப் பணம் கல்விக்குப் பயன்பட வழி செய்தார். 1842-ல் சென்னையில் பச்சையப்பன் பள்ளிக்கூடம் பிறந்தது. 1889-ல் அது கல்லூரி ஆயிற்று.

கொடுத்தவர் மறைந்து 48 வருடம் கழித்துத்தான் பிள்ளைகள் கையில் புத்தகம் வந்தது!

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய டிரஸ்டு சட்டம் 1882-ல் வந்தது. அது குடும்ப டிரஸ்டு போன்ற தனியார் டிரஸ்டுகளுக்கானது. ஆனால் அதில் உள்ள நெறிகளையே பொது டிரஸ்டுகளிடமும் கோர்ட்டு எதிர்பார்க்கிறது. கோவில்களுக்கும் வக்பு சொத்துக்கும் தனிச் சட்டங்கள் உண்டு.

டிரஸ்டி ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஒப்புக்கொண்டபின், நினைத்தபோது உதறிவிட்டுப் போக முடியாது. முக்கியமான கடமைகள் இவை:

சொந்தச் சொத்தைப் புத்தியுள்ள மனிதன் எப்படிக் காப்பானோ, அப்படிக் காக்க வேண்டும்.

கணக்குச் சுத்தமாக எழுத வேண்டும். பலன் பெறுபவர் கேட்டால் காட்ட வேண்டும்.

பத்திரத்தில் சொல்லியிருந்தால் ஒழிய, சம்பளம் கேட்க முடியாது.

டிரஸ்டு பணத்தைச் சொந்த லாபத்துக்குத் திருப்பக் கூடாது. விற்பனைக்கு வரும் டிரஸ்டு சொத்தைத் தானே வாங்கவும் கூடாது. பினாமி பெயரிலும் கூடாது!

“எல்லாம் அவர் பார்த்துக் கொள்வார்” என்று சும்மா இருப்பதும் குற்றமே. ஒரு டிரஸ்டி சுருட்டுவது தெரிந்தும் மற்றவர் வாய் மூடி இருந்தால், நஷ்டத்துக்கு அவரும் பொறுப்பு.

கம்பெனியும் டிரஸ்டி ஆகலாம். கடன் பத்திரம் வாங்கிய மக்களின் நலனைக் காக்கும் டிரஸ்டி கம்பெனிகள், ‘செபி’யிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

ஊரார் என்ன செய்யலாம்?

பொதுத் தர்மத்தில் மோசடி நடந்தால், அதில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்தால் போதும். சிவில் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவின்படி, கோர்ட்டின் அனுமதி பெற்று வழக்குப் போடலாம். கணக்குக் காட்டச் சொல்லலாம். டிரஸ்டியை நீக்கச் சொல்லலாம். புதியவரை நியமிக்கச் சொல்லலாம்.

பணத்தைக் கையாடியவருக்கு ஜெயிலும் உண்டு. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின்படி, நம்பிக்கை மோசடிக்கு 5 ஆண்டு வரை தண்டனை கிடைக்கலாம்.

தர்மம் எழுதுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. நிலம், வீடு என்றால் பத்திரம் எழுதிப் பதிவு செய்வதே நல்லது. எந்தச் சொத்து, யாருக்குப் பலன், யார் டிரஸ்டி, அவருக்குப் பின் யார் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். இந்த நான்கும் தெளிவாக இருந்தால், வழக்குக்கு இடம் குறையும். படிப்புக்குப் பணம் போய்ச் சேரும்.