மல்லாட்டையா, கடலைக்காயா?

கள்ளக்குறிச்சிப் பெண்களாகிய நாங்களும் ஆத்தூர்ப் பெண்களும் கால்பந்துத் திடலில்தான் எதிரிகள். இடைவேளையில் அவித்த நிலக்கடலையைச் சுற்றி ஒன்றாக உட்காருவோம். அங்கேயும் பெயரில் சண்டை! நாங்கள் ‘மல்லாட்டை’ என்றால், அவர்கள் ‘கடலைக்காய்’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவின் பெயரால் வந்த ‘மணிலாக்கொட்டை’தான் எங்கள் வாயில் மல்லாட்டை ஆயிற்று. (பயிரின் தாயகமோ தென் அமெரிக்கா!)

எங்கள் கோல் கீப்பர் கல்வராயன் மலைப் பெண். “நாங்கள் மலையாளி” என்று அவள் சொன்னதும், “கேரளாவா?” என்று கேட்டுவிட்டார்கள். அவள் முகம் வாடியது. நான் வாயெடுக்குமுன் அவளே விளக்கினாள்: மலையில் வாழ்வதால் அப்பெயர், தாய்மொழி தமிழே, முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகப் பெரியவர்கள் கதை சொல்வார்கள்.

அன்று நாங்கள் தோற்றோம். பேருந்து ஏறும்போது ஆத்தூர்த் தோழி ஒருத்தி அவள் கை நிறைய அள்ளிக் கொடுத்து, “இந்தா, மல்லாட்டை!” என்றாள்.