பறவையாய்ப் பறந்த அரிசி!

அவர் பெரிய பணக்காரர். வீட்டில் நெல் மலைபோல் குவிந்து கிடந்தது. ஆனால், அதன் அருமை அவருக்குத் தெரியவில்லை.

ஒரு நாள், அரிசியை வேகவைத்து இடித்துச் செய்த பண்டத்தை எடுத்தார். அதையே குறியாக வைத்து அம்பு எய்தார்.

என்ன ஆச்சரியம்! பண்டம் வெள்ளைப் பறவையாக மாறியது. பறந்து போய் மலை உச்சியில் இறங்கியது. இறங்கிய இடத்தில் நெல் விளைந்தது!

அங்கே கோவில் எழுந்தது. முன்னோர் செய்த பிழைக்காக அவருடைய சந்ததியார் வருந்தினார்கள் என்கிறது பழங்கதை.

ஜப்பான் நாட்டில், கியோட்டோ நகரில் உள்ள புஷிமி இனாரி கோவிலின் கதை இது. பணக்காரரின் பெயர் இரோகு. கோவில் உண்டானது கி.பி. 711-ம் ஆண்டு என்பார்கள்.

ஷின்டோ மதத்தில், நெல்லுக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வம் இனாரி. "நெல் விளைதல்" என்ற சொல்லே "இனாரி" என்று ஆனதாம்.

சாவி ஏந்திய நரி

கோவில் எங்கும் நரிச் சிலைகள்! கதைகளில் தந்திரக்காரனாக வரும் நரி, இங்கே தெய்வத்தின் தூதன். ஒரு நரியின் வாயில் நெற்கதிர். இன்னொரு நரியின் வாயில் சாவி. அது நெற்களஞ்சியத்தின் சாவி!

1468-ம் ஆண்டு, உள்நாட்டுப் போரில் கோவில் எரிந்தது. இப்போது உள்ள பெரிய சன்னதி 1499-ல் கட்டியது.

வாசலுக்குப் பின் வாசல்

கோவிலுக்குப் பின்னால் இனாரி மலை. உயரம் 233 மீட்டர். வழி நெடுகச் செந்தூர நிற மர வாசல்கள். சுமார் பத்தாயிரம் இருக்கும்! மழையில் நனைந்து மரம் உளுத்துப் போகும். உடனே புதிய வாசல் நடுவார்கள்.

இவை பக்தர்களின் காணிக்கை. கொடுத்தவர் பெயர் வாசலின் பின்புறம் எழுதியிருக்கும். வியாபாரிகளின் பெயர்களே அதிகம்.

நெல் தெய்வத்திடம் வியாபாரிக்கு என்ன வேலை? அந்தக் காலத்தில் ஜப்பானில் வரியையே நெல்லாகக் கட்டினார்கள். நெல்தான் செல்வம்! அதனால், நெல் தந்த தெய்வம் செல்வம் தரும் தெய்வமும் ஆயிற்று.

கோவிலுக்குள் வயல்

ஆனாலும், கோவில் நெல்லை மறக்கவில்லை. உள்ளேயே ஒரு சிறு வயல் இருக்கிறது. ஏப்ரல் மாதம் விதைப்பு. ஜூன் 10-ந் தேதி நடவு. பாட்டும் நடனமும் நடக்க, நாற்று நடுவார்கள். அக்டோபரில் அறுவடை. புது அரிசி தெய்வத்துக்குப் படையல் ஆகும்.

வைக்கோலைக்கூட வீசி எறிவதில்லை. நவம்பரில் அதைத் தீயிலிட்டு, விளைச்சலுக்கு நன்றி சொல்வார்கள்.

அன்று அரிசியை அம்பால் அடித்தார் ஒருவர். அந்தக் கதை பிறந்த மண்ணில், இன்று ஒவ்வொரு நாற்றையும் குனிந்து நடுகிறார்கள்!