உலோகம் களைப்படைவது எவ்வாறு?

மெல்லிய இரும்புக் கம்பியொன்றைக் கையால் இழுத்து அறுத்தல் எளிதன்று. அதனையே முன்னும் பின்னும் பலமுறை வளைப்பின் சற்று நேரத்தில் முறிந்துவிடும். கம்பியை முறித்தது பெரும் பலமன்று. மீண்டும் மீண்டும் வந்த தகைப்பே. இதனைப் பொறியியலாளர் உலோகக் களைப்பு என்பர். கம்பி வளைவதையேனும் கண்ணாற் காணலாம். பாலத்திலும் புகையிரத அச்சிலும் விமானத்திலும் நிகழும் களைப்பில் உறுப்பின் வடிவம் மாறுவதில்லை. அது தாங்கக்கூடிய சுமையிலும் குறைந்த சுமையே ஏறி இறங்குகிறது. கேடு மட்டும் வளர்கிறது.

புகையிரத அச்சுகளில் இக்கேட்டை ஜேர்மானியப் பொறியியலாளர் வோலர் 19 ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருந்தார். ஆயினும் அதன் கொடுமையை உலகுக்கு உணர்த்தியது ‘கொமற்’ விமானமே. பயணிகளை ஏற்றிச் சென்ற முதல் ஜெற் விமானமான அது 1952 இல் சேவையைத் தொடங்கி, அவ்வாண்டிலேயே இலங்கைக்கும் வந்து சென்றது. 1954 ஜனவரி 10 இல் உரோமிலிருந்து புறப்பட்ட கொமற் ஒன்று எல்பாத் தீவுக்கு அருகே வானிற் சிதறியது. 35 பேர் மாண்டனர். ஏப்ரல் 8 இல் இன்னொன்று நேப்பிள்ஸ் அருகே கடலில் வீழ, 21 பேர் மாண்டனர். முதலாவது ஏறத்தாழ 1,290 முறையும் மற்றையது 900 முறையுமே பறந்திருந்தன.

உயர வானிற் காற்று மெலிந்திருப்பதால் விமானத்தினுள்ளே காற்றமுக்கம் பேணப்படுகிறது. கொமற்றில் உள்ளமுக்கம் வெளியமுக்கத்திலும் சதுர அங்குலத்துக்கு 8¼ இறாத்தல் கூடுதலாயிருந்தது. ஒவ்வொரு பறப்பிலும் உடற்கூடு பலூன்போற் சிறிது விரிந்து சுருங்கும். யன்னல் மூலையிலும் ஆணித்துளை விளிம்பிலும் தகைப்பு குவியும். அங்கே உலோகப் படிகத்தின் தளங்கள் ஒன்றன்மேலொன்று வழுக்கும். சுமை நீங்கினும் முற்றாக மீளா. வழுக்கல் பெருகிய இடத்தில் மயிரிழையினும் நுண்ணிய வெடிப்புத் தோன்றும். அதன் கூரிய முனை தகைப்பை மேலும் குவிப்பதால், ஒவ்வொரு பறப்பிலும் வெடிப்பு சிறிது முன்னேறும். நீள நீள வேகமும் கூடும். எஞ்சிய உலோகம் தாங்கமாட்டாத நிலையில் கணப்பொழுதிற் கிழியும்.

இதனை உறுதிசெய்ய ஃபார்ன்பரோ ஆராய்ச்சியாளர் கொமற் ஒன்றின் உடற்கூட்டைப் பெருந்தொட்டியில் அமிழ்த்தி, உள்ளேயும் நீர் நிரப்பி, அமுக்கத்தை ஏற்றி இறக்கினர். காற்றாற் சோதிக்கலாகாதா என நேயர்கள் வினவலாம். அமுக்கப்பட்ட காற்று கூடு கிழிந்ததும் குண்டுபோல் வெடித்துத் தடயத்தை அழித்துவிடும், நீரோ வெடியாது. முன்னைய பறப்புகளுஞ் சேர ஏறத்தாழ 3,060 ஆவது முறையிற் கூடு கிழிந்தது. பின்னர் எல்பாக் கடலடியிலிருந்து மீட்ட கூரைத் துண்டிலும், வானொலித் திசையறி கருவிக்கான திறப்பின் மூலையருகே களைப்பு வெடிப்பு காணப்பட்டது.

தயாரிப்பாளர் சோதியாது விட்டாரல்லர். அவர்களது சோதனைக் கூடு பதினாயிரத்துக்கு மேற்பட்ட முறை தாங்கியிருந்தது. அத்தாங்குதலே அவர்களை ஏமாற்றியது. அக்கூடு முன்னரே வழக்கமான அமுக்கத்தின் இருமடங்குக்கு உட்பட்டிருந்தது. அப்போது மூலைகளில் உலோகம் சிறிது நீண்டு, சுமை நீங்கியதும் சூழவிருந்த உலோகத்தால் நெருக்கப்பட்டு நின்றது. அந்நெருக்கம் வெடிப்பு திறவாது காத்தது. சேவையிலிருந்த விமானங்களுக்கு அவ்வளவு காப்பு இருக்கவில்லை.

1958 இற் சேவைக்கு வந்த ‘கொமற் 4’ தடித்த தகட்டுடனும் வளைந்த யன்னல்களுடனும் அமைந்தது. இன்று வெடிப்பே தோன்றாது என எவரும் கணிப்பதில்லை. கண்டறியக்கூடிய வெடிப்பு ஆபத்தான நீளத்தை எட்ட எத்தனை பறப்புகள் செல்லும் எனக் கணித்து, அதற்குள் பலமுறை பரிசோதனை நிகழுமாறு காலம் வகுக்கின்றனர்.