கோவணத் துணியும் தணிகை வெயிலும்

திருத்தணியில் பிள்ளை பெற்ற வீட்டை யாரிடமும் விசாரிக்கத் தேவையில்லாத காலம் ஒன்று இருந்தது. மாடிக்கொடியில் முழம் முழமாகக் கிழித்த வெள்ளைத் துணிகள் வரிசையாகக் காய்ந்தால் அதுதான் வீடு. தமிழ் பேசும் வீட்டில் அது கோவணம், தெலுங்கு பேசும் வீட்டில் கோச்சி, நர்ஸம்மா வாயில் நாப்கின். பெயர் எதுவானாலும் துணி ஒன்றுதான்: தாத்தாவின் பழைய வேட்டி.

என் மகள் பிறந்தது ஒரு சித்திரையில். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ஆயா டிரங்குப் பெட்டியைத் திறந்து, வேட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தார். இரண்டை அப்படியே ஒதுக்கினார். "பாச்சா உருண்டை வாசனை அடிக்குது. இது கொழந்தைக்கு வேணாம்." மூக்கை நம்பும் வயசாளியின் பிடிவாதம் என்றுதான் அன்று நினைத்தேன். பிறகு ஒரு குழந்தை மருத்துவர் விளக்கினார். பாச்சா உருண்டை நாப்தலீனால் செய்தது. துணியில் தங்கிய நாப்தலீன் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் பச்சைக் குழந்தையின் உடம்புக்குள் போகும். ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் குழந்தைக்கு அது சிவப்பணுக்களை உடைத்து, கடும் மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதென்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. பெட்டியில் கிடந்த துணியைப் பிள்ளைக்குக் கட்டுகிற எல்லா வீட்டுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும்.

பழைய வேட்டி ஏன், புதுத் துணி ஏன் ஆகாது? இதற்குப் பதில் எங்கள் பக்கத்துத் தறிகளிலேயே இருக்கிறது. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி எல்லாம் தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள். பாவு நூல் அறுந்துவிடாமல் இருக்கக் கஞ்சி போட்டுத்தான் தறியில் ஏற்றுவார்கள். பருத்தி இழையின் மேல் இயல்பாகவே மெல்லிய மெழுகுப் பூச்சும் உண்டு. கஞ்சியும் மெழுகும் போகாத துணி தண்ணீரை உறிஞ்சாது, மூத்திரம் ஓரமாக வழிந்துவிடும். நூறு தடவை துவைபட்ட வேட்டியில் இரண்டுமே இருக்காது. புதுத் துணிதான் கைவசம் என்றால் சவுக்காரம் போட்டு வெந்நீரில் நான்கைந்து முறை துவைத்துக் காயவைத்த பிறகே கட்ட வேண்டும். துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே இறங்கினால் துணி தயார். முத்துப்போல உருண்டு நின்றால் இன்னொரு துவைப்பு தேவை.

அடுத்தது துவைக்கும் முறை. நான் செய்த முதல் தவறு வெந்நீர். சுத்தம் என்றால் கொதிக்கக் கொதிக்க என்று நினைத்து, மலம் பட்ட துணியை நேரே சுடுதண்ணீரில் போட்டேன். "இப்ப ஊத்தாத. கறை ஏறிக்கும். மொதல்ல பச்சத்தண்ணி," என்று ஆயா பக்கெட்டை இழுத்துக்கொண்டார். முட்டை வெந்தால் இறுகுவதுபோல, மலத்திலும் பாலிலும் உள்ள புரதம் சூடு பட்டதும் இழையோடு இறுகிக்கொள்ளும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் பச்சைத்தண்ணீரில் அலசினாலே பெரும்பாலும் கரைந்துவிடும். சாதம், இட்லி என்று ஆரம்பித்த பிறகு, முதலில் கழிவறையில் உதறிவிட்டுத்தான் அலச வேண்டும். அலசிய பிறகு சவுக்காரம், அதற்கப்புறம் வெந்நீர். இந்த வரிசை மாறினால் மஞ்சள் கறை அந்தத் துணியின் ஆயுசுக்கும் கூட வரும்.

மூத்திரத் துணியைப் பலர் அலசிக்கூடப் பார்க்காமல் காயப்போடுகிறார்கள். "வெறும் ஒண்ணுக்குதானே" என்பார்கள். பிள்ளையின் தொடை வெந்துபோவது அங்கேதான் தொடங்குகிறது. புது மூத்திரத்தில் அந்தக் காரவாசனை கிடையாது. அதில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அமோனியாவாக உடைக்கும்போதுதான் நெடி வரும். அமெரிக்க மருத்துவர் ஜே.வி. குக் 1921-லேயே இதை எழுதிவைத்தார். அமோனியா தோலின் அமிலத் தன்மையைக் குறைக்கிறது. குறைந்ததும் மலத்தில் உள்ள செரிமான நொதிகளுக்கு வேகம் கூடி, தோலையே அரிக்கின்றன. ஆகவே நனைந்த துணியை உடனே மாற்றுவதுதான் முதல் மருந்து. சிவப்பின் ஓரத்தில் தனித்தனிப் புள்ளிகள் தெறித்தாற்போல் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு எண்ணெய், பவுடர் எதுவும் போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காத வீட்டுக்கு இன்னொரு தொல்லை உண்டு. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காக மாறி இழையில் தங்கிவிடும். துணி நாளுக்கு நாள் விறைக்கும், உறிஞ்சாது, துவைத்த பிறகும் வாடை போகாது. வாசனைத் திரவம் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. துணியை மென்மையாக்கும் திரவம் இழைமேல் பூச்சாகப் படிந்து உறிஞ்சுதலை இன்னும் கெடுக்கும். கிருமிநாசினியின் மிச்சம் தோலை எரிக்கும். பழைய சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் துணியை ஊறவைத்து வெள்ளாவி வைத்தார்கள். உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட், இன்றைய சலவை சோடா. அது கடின உப்புகளைப் படியவைத்து விடுவதால் சவுக்காரம் தன் வேலையைச் செய்ய வழி கிடைக்கிறது. வாரம் ஒருமுறை ஒரு கரண்டி சலவை சோடாவோடு கொதிக்கவிட்டு, நுரை போகும்வரை நான்கு தண்ணீர் அலசினால் துணி மறுபடி உயிர் பெறும்.

ஒரு எச்சரிக்கை. ஊறவைத்த பக்கெட்டை மூடாமல் குளியலறையில் விட்டுவைக்காதீர்கள். தவழ்கிற குழந்தை தலைகீழாக விழ நேர்ந்தால், ஒரு சாண் தண்ணீரே உயிரைக் குடித்துவிடும்.

பிறகு வெயில். மே மாதம் வானிலை அறிக்கையில் சதமடித்த ஊர்களின் பட்டியல் வாசித்தால் எங்கள் ஊர் பெயர் அடிக்கடி வரும். மனிதர்களை வாட்டும் அந்த வெயிலுக்குத் துணிக்கொடியில் ஒரு பெரிய உபகாரம் உண்டு. பச்சைக் குழந்தையின் மலத்துக்கு மஞ்சள் நிறம் தருவது பித்த நிறமியான பிலிருபின். காமாலைக் குழந்தையை நீல விளக்கின்கீழ் படுக்கவைப்பது இதே பிலிருபினை ஒளியால் மாற்றத்தான். துணியில் ஒட்டிய மஞ்சளை உச்சிவெயில் அப்படித்தான் வெளுக்கிறது. ஈரத்தோடு கொடியில் போட்டால் இன்னும் நன்றாக வெளுக்கும். பிளீச்சிங் தேவையே இல்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் திண்டாட்டம். சாம்பிராணிக் கூடைமேல் துணி உலர்த்தும் வழக்கத்தை விட்டுவிடலாம். அந்தப் புகை குழந்தையின் மூச்சுக்கு ஆகாது. மின்விசிறிக்கு அடியில் பரப்பி, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டால் போதும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, துவைத்தது யார் என்ற கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைப்பேற்றுத் தீட்டுத்துணி என்று சொல்லி, குடும்பம் தொடக் கூசியதையெல்லாம் வண்ணார் வீட்டுப் பெண்களின் கையில் கொடுத்த ஊர்கள் நம்முடையவை. ஒடுக்கப்பட்டோருக்கும் துணி வெளுத்த புதிரை வண்ணாரின் வாழ்வை இமையம் 'கோவேறு கழுதைகள்' நாவலில் (1994) ஆரோக்கியம் வழியாகக் காட்டினார். பாட்டிகாலச் சுத்தம் என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பாதி அவர்கள் உழைப்பு. இன்று அதே வேலை வேறு கைகளுக்குப் போயிருக்கிறது. பயன்படுத்திய டயாபரைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. சுற்றாமல் வீசினால் அதைப் பிரிப்பது தூய்மைப் பணியாளரின் கை.

அதற்காக, டயாபர் வாங்குகிற தாயைக் குறைசொல்ல நான் தயாரில்லை. பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துத் துணியாவது மாற்ற வேண்டும். பிரசவித்த உடம்போடு தனியாக ஒருத்தி பத்துத் துணியும் துவைக்க முடியுமா? ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்து எங்கள் மலையின் 365 படி ஏறுகிறவர்கள் கொண்டாடுவது முருகனை வளர்த்த ஆறு பெண்களையும்தான். ஒரு பிள்ளைக்கு ஆறு தாய். அந்தக் கதையைச் சொன்னவர்களுக்குப் பிள்ளை வளர்ப்பின் பாரம் தெரிந்திருக்கிறது.

துணி சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்பதும் துவைப்பதைப் பொறுத்ததுதான். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வீட்டில் துணிக்கும் டயாபருக்கும் கார்பன் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. வெந்நீரும் உலர்த்தும் இயந்திரமும் துணியின் லாபத்தைத் தின்றுவிட்டன. இயந்திரம் நிறையத் துவைத்து, கொடியில் காயவைத்து, அடுத்த பிள்ளைக்கும் அதே துணியைக் கட்டிய வீட்டில் கணக்கு சுமார் 40 சதவீதம் குறைந்தது. இப்போது கடைகளில் விற்கும் பொத்தான் வைத்த துணி டயாபருக்கும் இதே கணக்குதான். அதன் நீர்புகா உறையைக் கொதிக்க வைக்கக் கூடாது, உச்சிவெயிலில் நாள் முழுக்க விடவும் கூடாது. உள்ளே வைக்கும் பருத்தி மடிப்பை மட்டும் வெயிலில் போடலாம்.

என் மகளுக்குக் கட்டிய வேட்டித் துண்டுகளில் பதினான்கு மிஞ்சின. வேப்பிலை போட்டு மடித்து வைத்திருந்தேன். போன ஆடியில் தம்பிக்குப் பிள்ளை பிறந்தது. துணி துவைப்பது என் வேலை என்று தம்பியே முன்வந்தான். முதல் நாள் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தவனிடமிருந்து நான் பக்கெட்டை இழுத்துக்கொண்டேன். "இருடா, மொதல்ல பச்சத்தண்ணி."